பூட்டிய அரங்கின் பசுமை

நான் படித்த பொறியியல் கல்லூரியின் கலையரங்க வாசலில் ஒரு கண்ணாடித் தகடு பதித்திருந்தார்கள். நடுவில் ஒரு இலை, சுற்றிலும் ஆங்கில எழுத்துகள். இந்தக் கட்டடம் சூழலுக்கு இசைவானது என்பதற்கான சான்று அது. அட்மிஷனுக்கு வரும் பெற்றோரை முதலில் அங்கேதான் அழைத்துப்போவார்கள். பின்னாலிருக்கும் ஒர்க்‌ஷாப்பில் பாதி லேத் ஓடாது என்பது தெரியவரும்போது பணம் கட்டியாகியிருக்கும்.

2010இல், நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, அந்தத் தகட்டுக்குக் கீழே என் பெரியப்பா மஞ்சள் பையோடு நின்றிருந்தார். கூட்டிவந்தது நான்தான். பெரியப்பா தெருக்கூத்துக்காரர். ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக ஊர், கல்லூரியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். முப்பது வருஷமாகத் துரியோதனன் வேஷம் கட்டியவர். கலைவிழாக் குழுவில் நான் இருந்ததால், ஒரு ராத்திரி எங்கள் ஊர் ஜமாவை வைத்துக் கல்லூரி அரங்கில் கூத்து நடத்தலாம் என்று ஆசைப்பட்டேன். பெரியப்பாவுக்கும் ஆசைதான். "படிக்கிற புள்ளைங்க பாக்கட்டுமே" என்றார். பணம்கூடப் பேசவில்லை.

அரங்கத்தின் பொறுப்பாளர் தன்மையான மனிதர். உட்காரவைத்துக் காபி கொடுத்துத்தான் மறுத்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல சென்ட்ரல் ஏசி ஓட்ட எங்களுக்கு அனுமதி இல்ல."

"ஏசி எங்களுக்கு எதுக்கு சார்? கதவத் தெறந்து விட்டீங்கன்னா போதும். காத்து வரும்."

"அது அப்படித் தெறந்து வைக்கிற கதவு இல்லீங்க ஐயா. ஜன்னலும் கிடையாது. ஏசி இல்லாம ஆயிரம் பேரு உள்ள உட்கார்ந்தா மூச்சு முட்டிடும். அப்புறம் கற்பூரம் ஏத்தினீங்கன்னா ஸ்மோக் அலாரம் அடிச்சிரும்."

பெரியப்பா கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி வா கண்ணு, போலாம்" என்றார். பதினைந்து வருஷமாக எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்: காற்று நுழைய வழியில்லாத, வருஷத்தில் இருபது நாள்கூடத் திறக்காத, பக்கத்து ஊர்க் கலைக்கு இடம்கொடுக்க முடியாத ஒரு கட்டடத்தை எந்தக் கணக்கில் பசுமை என்கிறோம்?

கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்முன் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்பா ஊரை விட்டுக் கும்மிடிப்பூண்டிக்குப் போனவர். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதைத் தாண்டினால் எளாவூர், ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரா. அந்த ஊரில் உலகத்தின் பழைய இரும்பெல்லாம் வந்து குவியும். உடைந்த கார், கப்பல் தகடு, சைக்கிள் ரிம், டப்பா. இண்டக்‌ஷன் ஃபர்னஸில் அதையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் போட்டு உருக்கி, பில்லெட்டாக வார்த்து, பில்லெட்டை உருட்டிக் கம்பியாக்குவார்கள். மூடிய டப்பா எதுவும் தப்பித்தவறி உலைக்குள் போய்விட்டால் வெடிக்கும். அப்பாவின் இடது முழங்கையில் அப்படி வந்த தழும்பு இருக்கிறது. மொட்டைமாடியில் வேட்டி காயப்போட்டால் சாயங்காலம் உதறித்தான் எடுக்க வேண்டும், கரும்பொடி பறக்கும். சென்னையைச் சுற்றி எழும்பிய எத்தனையோ கட்டடங்களின் எலும்பு இந்த ஊரில் வார்த்தது. எங்கள் கல்லூரி அரங்கத்தின் கம்பியும் அங்கிருந்துதான் வந்தது. லாரி வந்து இறங்கியபோது கட்டுகளில் தொங்கிய தகரச் சீட்டைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தக் கணக்கு.

உலகம் முழுக்கப் பசுமைக் கட்டடத்துக்குப் புழங்கும் முத்திரைகளில் முக்கியமானது அமெரிக்காவில் பிறந்த லீட். ஹைதராபாத்தில் இருக்கும் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003இல் அதன் பிளாட்டினம் மதிப்பைப் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அந்த மதிப்பைப் பெற்ற முதல் கட்டடம் அதுதான். அந்தக் கட்டடத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஜாலிச் சுவர், முற்றம், காற்றுக் கோபுரம் என்று நம் பழைய உத்திகளை மரியாதையாகப் பயன்படுத்தியது. சிக்கல் அதற்குப் பிறகு. முத்திரை ஒரு மதிப்பெண் பட்டியலானது. மதிப்பெண் பட்டியலை எப்படி வெல்வது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த எந்தத் தமிழனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லீட்டின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 110 புள்ளி. 80 வாங்கினால் பிளாட்டினம், 60 வாங்கினால் தங்கம். இருக்கிற பழைய கட்டடத்தை இடிக்காமல் அதன் சுவர், தளம், கூரையில் 95 சதவீதத்தைக் காப்பாற்றி மறுபடி பயன்படுத்தினால் எத்தனை புள்ளி தெரியுமா? மூன்று. எரிபொருள் சிக்கனமான கார்களுக்கு நல்ல இடமாகப் பார்த்துப் பார்க்கிங் ஒதுக்கினால்? அதற்கும் மூன்று. ஒரு முழுக் கட்டடத்தைக் கட்டாமல் தவிர்ப்பதும், தரையில் நாலு பெயின்ட் கோடு போடுவதும் ஒரே மதிப்பெண். பின்னால் வந்த பதிப்புகளில் சிலவற்றைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் வாசல்களில் பதித்த தகடுகளில் ஏராளமானவை இந்தக் கணக்கில் வாங்கியவை.

அடுத்து, மறுசுழற்சிப் பொருள் பயன்படுத்தினால் புள்ளி. கும்மிடிப்பூண்டிக் கம்பி பழைய இரும்பிலிருந்து வந்தது, ஆகவே புள்ளி. 500 மைலுக்குள், அதாவது 800 கிலோமீட்டருக்குள் கிடைத்த பொருள் என்றால் புள்ளி. கும்மிடிப்பூண்டியிலிருந்து எங்கள் கல்லூரி கூப்பிடு தூரம்; ஆகவே புள்ளி. சிமெண்டில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது, இந்தியத் தரநிலைப்படி பொசோலானா சிமெண்டில் 35 சதவீதம் வரை சாம்பல் கலக்கலாம், அதற்கும் புள்ளி. எண்ணூர்ப் பக்கம் அந்தச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்கள் ஒழுகி, கொசஸ்தலை ஆறும் கழிமுகமும் சாம்பல் படிந்து, மீன்பிடிக்கிறவர்கள் வருஷக்கணக்கில் கோர்ட் படியேறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே ஒரு நண்பர் போன் பண்ணுவார். சாம்பலை ஆற்றில் கொட்டுவதைவிடக் கல்லில் கலப்பது ஆயிரம் மடங்கு நல்லது. புதுத் தாதை வெட்டுவதைவிடப் பழைய இரும்பை உருக்குவது நல்லது. அதில் சண்டை இல்லை. என் சண்டை வேறு: புகை எங்கள் ஊருக்கு, புள்ளி அவர்கள் கட்டடத்துக்கு. அந்தக் கம்பியின் நல்லதை மட்டும் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, அதை உருக்கிய மின்சாரத்தையும் அப்பாவின் முழங்கையையும் கும்மிடிப்பூண்டிக் கணக்கில் பற்று எழுதிவிடுகிறார்கள். காம்பவுண்ட் சுவருக்கு உள்ளே மட்டும் பார்க்கும் கண் அது.

செங்கலும் அப்படித்தான். திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிவரப்பட்டுக் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் மீட்கப்பட்டிருக்கிறார்கள். அதிகாரிகளே போய் மீட்ட கதை, பத்திரிகைகளில் வந்ததுதான். அந்தச் செங்கல் 800 கிலோமீட்டருக்குள் கிடைக்கிறது. ஆக உள்ளூர்ப் பொருள்!

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். கட்டடக்கலை படித்ததில்லை. ஆனால் அளவுகோல்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன். ஒரு சர்வரை யாரும் கூப்பிடவே இல்லையென்றால் அதன் பிழை விகிதம் பூஜ்ஜியம். டேஷ்போர்டில் பச்சையாக ஜொலிக்கும். அதைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நம் நாட்டில் உருவான கிருஹா மதிப்பீட்டில் கட்டடத்தின் மின்செலவை ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அளக்கிறார்கள். ஆபீசுக்கு இது சரி. தினமும் ஆள் வருவான். கலையரங்கத்துக்கு இதைப் போட்டால் என்ன ஆகும்? பூட்டியே கிடக்கும் அரங்குதான் உலகிலேயே பசுமையான அரங்கு.

ஒரு பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். துல்லியக் கணக்கு அல்ல, ஆனால் அளவு பிடிபடும். ஆயிரம் இருக்கை அரங்கம் ஏறக்குறைய 3,000 சதுர மீட்டர் என்று வைப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஒன்று சுமார் 100 வாட் வெப்பத்தை விடும். ஆயிரம் பேர் என்றால் 100 கிலோவாட். அதை வெளியேற்றவே 28 டன் ஏசி வேண்டும். மூச்சுவிட வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். சென்னைப் பக்கத்துக் காற்றின் ஈரத்தைப் பிழிந்து குளிர்விக்க அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். கூரைச் சூடு, மேடை விளக்கு எல்லாம் சேர்த்து 100 டன் என்று வைத்தால் மணிக்கு 100 யூனிட் ஆகும். மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு 300 யூனிட்.

இப்போது சுவருக்கு வெளியே வாருங்கள். சதுர மீட்டருக்கு 50 கிலோ கம்பி என்றால் 150 டன் இரும்பு. ஒரு டன் பழைய இரும்பை உருக்க ஏறக்குறைய 600 யூனிட் பிடிக்கும். ஆக 90,000 யூனிட். உருட்டுவது, சிமெண்ட், செங்கல், கண்ணாடி எதுவும் இதில் சேரவில்லை. வெறும் உருக்கும் மின்சாரம் மட்டும். வருஷத்துக்கு 20 நிகழ்ச்சி நடத்தும் அரங்கம் ஏசிக்குச் செலவழிப்பது 6,000 யூனிட். அதாவது கதவு திறக்கும் முன்பே பதினைந்து வருஷத்து ஏசியைக் கும்மிடிப்பூண்டியில் எரித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு எல்.இ.டி. பல்பு மாட்டிப் புள்ளி வாங்குகிறோம்.

வகுக்கும் எண்ணை மாற்றிப் பாருங்கள். சதுர மீட்டரை விட்டுவிட்டு, ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். முப்பது வருஷம், வருஷத்துக்கு 20 நிகழ்ச்சி என்றால் கம்பியின் பங்கு ஒரு நிகழ்ச்சிக்கு 150 யூனிட், ஏசி 300, மொத்தம் 450. அதே அரங்கில் வருஷத்துக்கு 200 நிகழ்ச்சி நடந்தால் 315. ஏசி இல்லாமல் கதவைத் திறந்துவைத்து 200 நடத்த முடிந்தால் விசிறி, விளக்கு நீங்கலாக 15. நானூற்றைம்பதுக்கும் பதினைந்துக்கும் முப்பது மடங்கு வித்தியாசம். எந்தச் சூரியத் தகடும் எந்தக் கண்ணாடியும் முப்பது மடங்கு மிச்சம் பண்ணித் தராது. அதைச் செய்யக்கூடியவை இரண்டுதான்: திறக்கிற கதவு, திறந்திருக்கும் நாட்கள். இரண்டையும்தான் பெரியப்பா கேட்டார். நமக்குத்தான் அது கூத்துக்காரரின் அறியாமையாகத் தெரிந்தது.

உண்மையில் நிகழ்த்துக்கலைகள் இந்தச் சூட்டுப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவைத்தவை. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடப்பது பங்குனி தொடங்கி வைகாசி வரை. வெயில் கொளுத்துகிற மாசங்கள். பகலில் பந்தலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் களரியில் கூத்து, விடிய விடிய. குளிரூட்டுவது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட பதில் இயந்திரம் இல்லை, நேரம். சூரியன் போனபிறகு ஆடு. அவ்வளவுதான். நாம் பகல் பதினொரு மணிக்குப் பரதநாட்டியம் வைத்து, அதற்கு ஏசி போட்டு, அந்த ஏசி சிக்கனமானது என்று பரிசு வாங்குகிறோம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எல்லாரும் அழகுக்காகச் சொல்வார்கள். என் கண்ணுக்கு அது ஒரு பொறியாளரின் விவரக்குறிப்பு. இருபத்துநான்கு விரல் அளவில் ஒரு கோல்; ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம்; மேலே உத்தரம் நாலு கோலில். தூணின் நிழல் ஆடுகிற இடத்திலும் அவையிலும் விழாதபடி விளக்கு. மேடை எவ்வளவு பெரிது என்பதில் பெருமை பேசுகிற வழக்கமே அங்கே இல்லை. நாட்டிய சாஸ்திரமும் பெரிய, நடுத்தர, சிறிய அரங்குகளைச் சொல்லிவிட்டு மனிதர்களுக்கு நடுத்தரமே போதும் என்கிறது. 64 முழம் நீளம், 32 முழம் அகலம். அதைவிடப் பெரிதானால் குரலும் கேட்காது, முகபாவமும் தெரியாது. முழத்தை ஒன்றரை அடி என்று வைத்தால் 96 அடிக்கு 48 அடி. நம் பல்கலைக்கழகங்கள் கட்டுகிற இரண்டாயிரம் இருக்கை அரங்கில் கடைசி வரிசைக்காரன் பார்ப்பது மேடையை அல்ல, எல்.இ.டி. திரையை. அதற்கு ஏன் அரங்கம்?

இந்தக் கொள்கையில் நவீன காலத்தில் ஒரு கலைப் பல்கலைக்கழகம் கட்டடமே கட்டியிருக்கிறது. பாரதப்புழைக் கரையில் செறுதுருத்தியில் இருக்கும் கேரள கலாமண்டலம். வள்ளத்தோள் 1930இல் தொடங்கியது, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே 1976இல் எழுந்த கூத்தம்பலத்தை வடிவமைத்தவர் அப்புக்குட்டன் நாயர். தொழில்முறைப் பொறியாளர், கூடவே கூடியாட்டம், கதகளியில் ஊறியவர். நம் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் கூத்தம்பலப் பாணி அரங்கமும் அவர் கைவண்ணம்தான். கேரளக் கோயில்களின் பழைய கூத்தம்பலங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உயர்ந்த சரிவுக் கூரை. சூடு மேலே போய்த் தங்க இடம். சுவர் என்பது மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய அழி. காற்று வரும், வெயில் வராது. உள்ளே மேடைக்குத் தனியாக இன்னொரு கூரை. மைக் கிடையாது. ஒரே விளக்கு, மூன்று திரி. இரண்டு நடிகரைப் பார்த்து, ஒன்று அவையைப் பார்த்து. எங்கள் கல்லூரி மேடையில் ஒரு கிலோவாட் விளக்குகள் நாற்பது தொங்கின.

இங்கே நின்று 'ஆஹா, நம் முன்னோர்' என்று நான் கண்ணைக் கசக்கினால் அது அயோக்கியத்தனம். கோயில் கூத்தம்பலத்துக்குள் காற்று எல்லாப் பக்கமும் போகும், மனிதர்கள் போக முடியாது. மேல்சாதிகளுக்கு மட்டுமான இடம் அது. என் பெரியப்பா போன்றவர் வாசல்வரைகூடப் போயிருக்க முடியாது. அப்படி அடைபட்டிருந்த கூத்தை 1949இல் பைங்குளம் ராம சாக்கியார் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்து நிகழ்த்தினார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1965இல் கலாமண்டலத்தில் கூடியாட்டம் கற்பிக்கத் தொடங்கியபோது ஆசிரியராக வந்தவரும் அவரே. அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்தம்பலம். எனக்கு அந்தக் கட்டடம் முக்கியமாவது அதன் கூரைச் சரிவால் மட்டுமல்ல. பழைய கட்டடத்தின் காற்றோட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் வாசல்காவலை விட்டுவிட்டது. எங்கள் கல்லூரி அரங்கம் செய்தது நேர் எதிர்: காற்றோட்டத்தை விட்டுவிட்டு வாசல்காவலை எடுத்துக்கொண்டது.

'அப்போ எல்லாரும் ஆலமரத்தடிக்குப் போகணுமா? கச்சேரிக்கு அமைதி வேண்டாமா? ஹைவே ஹார்ன் சத்தத்தில் வீணை கேட்குமா?' நியாயமான கேள்விதான். கதவைத் திறந்தால் சத்தமும் வரும். கட்டடத்தைச் சாலையிலிருந்து தள்ளி வைப்பது, மண்மேடு எழுப்புவது, மரச்சட்டச் சுவரைக் காற்று வளைந்து வரும்படி இரட்டையாக அமைப்பது என்று வழிகள் உண்டு. எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஏசி தவிர்க்கவே முடியாத இடமும் இருக்கும். அங்கே என்ன செய்வது?

பெங்களூரில் நான் ஏழு வருஷம் இருந்தேன். ஜே.பி. நகரில் ரங்கசங்கரா என்று ஒரு நாடக அரங்கம், 2004இல் திறந்தது. முந்நூற்றுச் சொச்சம் இருக்கை. ஏசிதான். திங்கள்கிழமை தவிர எல்லா நாளும் நாடகம். தாமதமாக வந்தால் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். நானே இரண்டு முறை வெளியே நின்று வடை தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கன்னடம், இந்தி, ஆங்கிலம், எப்போதாவது தமிழ். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கட்டடம் தன் சிமெண்டுக்கும் கம்பிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் அடைக்கிறது. எங்கள் கல்லூரியின் பிளாட்டினத்தைவிட எனக்கு ரங்கசங்கராவின் நாட்காட்டி பசுமை.

பல்கலைக்கழக நிர்வாகங்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கும்: எங்களிடம் அவ்வளவு நிகழ்ச்சி இல்லை. அப்படியென்றால் அவ்வளவு பெரிய அரங்கமும் வேண்டாம்! பட்டமளிப்பு விழாவுக்கு வருஷத்தில் ஒரு நாள் பந்தல் போடுங்கள். பந்தல் போடுவதில் தமிழனை மிஞ்ச ஆள் இல்லை. முந்நூறு பேர் உட்காரும் சின்ன அரங்கம் ஒன்றைக் கட்டி, சுற்றுப்பட்டுக் கிராமத்துக் கூத்து ஜமா, பறைக் குழு, பள்ளிக்கூட நாடகம் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிடுங்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் நிகழ்ச்சிக்கு ஆளில்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஈசனும் காளியும் போட்டி போட்டு ஆடியதாகச் சொல்லும் திருவாலங்காடு, அந்த ரத்தின சபை, இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. புதிதாகக் கட்டாமலேயே இருப்பது. இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் ஸ்னேப் என்ற ஊரில் பார்லியை முளைகட்டும் பழைய ஆலை ஒன்று மூடிக் கிடந்தது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் நண்பர்களும் தங்கள் இசைவிழாவுக்காக அதன் கட்டடம் ஒன்றைக் கச்சேரி அரங்கமாக மாற்றி 1967இல் திறந்தார்கள். 1969இல் தீப்பிடித்து எரிந்தது. அடுத்த வருஷமே அதே சுவர்களுக்குள் மறுபடி எழுப்பினார்கள். இன்றும் அங்கே கச்சேரி நடக்கிறது. கும்மிடிப்பூண்டியில் மூடிக் கிடக்கும் மில் கொட்டகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். உருக்கிய இரும்பு ஏற்கெனவே நிற்கிறது. நடுவில் தூண் இல்லாத நீளமான இடம். உலைச் சூடு போவதற்காகவே கூரை முகட்டில் நெடுகத் திறப்பு வைத்திருப்பார்கள். ஆயிரம் டிகிரியைத் தாண்டிய இரும்பை வைத்துக்கொண்டு மனிதன் நிற்க முடிந்த கொட்டகையில் முந்நூறு பேர் ராத்திரியில் உட்கார முடியாதா? ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்ற வேண்டும், தரை மண்ணில் என்னென்ன ஊறியிருக்கிறது என்று சோதிக்க வேண்டும். சுலபமில்லை. ஆனால் அப்பாவைப் போன்ற ஆயிரம் பேர் வேர்வை விட்ட இடத்தில் அவர்கள் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். இதற்கு அந்தப் பட்டியலில் மூன்று புள்ளிதான் கிடைக்கும், பரவாயில்லை.

பெரியப்பாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. வேஷம் கட்டுவதில்லை, பின்பாட்டோடு சரி. போன வைகாசியில் ஊர்க் கூத்து நடந்தது கல்லூரி காம்பவுண்டை ஒட்டிய தரிசில். பழைய களரி பிளாட் ஆகிவிட்டது. பதினொரு மணிக்குத் துரியோதனன் திரையை விலக்கி வந்தபோது ஹாஸ்டல் பையன்கள் ஐம்பது அறுபது பேர் சுவரேறிக் குதித்து வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். செக்யூரிட்டி முதலில் விசில் அடித்துப் பார்த்தார். அப்புறம் அவரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாகப் போட்டுக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அரங்கம் இருட்டாக இருந்தது. தகட்டுக்கு மட்டும் ஒரு விளக்கு எரிந்தது.

திரும்பி வந்ததும் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டே கேள்வி. கடந்த ஆண்டு அரங்கம் எத்தனை நாள் திறந்தது? வளாகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் எத்தனை நாள் அதில் நிகழ்ச்சி நடத்தினார்கள்? பதில் வரவில்லை. அடுத்த மாதம் பழைய மாணவர் கூட்டம் அதே அரங்கத்தில் நடக்கிறது, பகல் பதினொரு மணிக்கு. நேரில் போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன்.